மச்சினன் காய்ச்சல்

அண்ணன் தம்பிக்குள் வருகிற எரிச்சலுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. பங்காளிக் காய்ச்சல். பெண்டாட்டியின் தம்பி மேல் வருகிற எரிச்சலுக்கு எவரும் பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் சின்னமனூர் கர்ணனுக்கு என்ன நோய் என்று சொல்ல வசதியாக இருந்திருக்கும். மச்சினன் காய்ச்சல் என்று நாமே வைத்துக்கொள்வோம்.

கர்ணன் போட்டோ எடுப்பவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வாழைக்காய் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், மாடியில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் அந்த வட்டாரத்துப் பழைய குடும்பங்கள் அவரைத்தான் கூப்பிடும். அவர் எடுக்கிற படம் அழகாக இருக்கும் என்பதற்காக அல்ல, ஒரு உறவுக்காரரையும் விட்டுவிட மாட்டார் என்கிற நம்பிக்கை. பெரியப்பா மகன், ஒன்றுவிட்ட அத்தை, முறைத்துக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்துவிட்ட சம்பந்தி வீட்டுக்காரர் என்று எல்லோரையும் தேடிப்பிடித்து மேடையேற்றி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கவைத்து, கண்ணை மூடியவரை மறுபடி திறக்கச் சொல்லி எடுத்துவிடுவார். ஆல்பத்தில் ஒரு சித்தப்பா விடுபட்டதால் இரண்டு வீட்டுக்குப் பேச்சு நின்றுபோன கதையெல்லாம் இந்தப் பக்கம் உண்டு. கர்ணன் எடுத்த கல்யாணத்தில் அப்படி நடந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குப் போதுமானதாக இருந்தது, மச்சினன் சுரேஷ்கண்ணன் ஒரு புது லென்ஸை வாங்குகிற வரைக்கும்.

சுரேஷ்கண்ணனும் போட்டோக்காரன்தான். கம்பத்தில் ஸ்டுடியோ. கர்ணன் மனைவி மகாலட்சுமிக்கு ஒரே தம்பி. மலையேறிப் போய் குமுளி, கட்டப்பனை என்று மலையாளக் கல்யாணங்களில் வேலை கற்றுக்கொண்டவன். அங்கே யாரையும் நிறுத்தி வைத்து எடுப்பதில்லையாம். அவர்கள் பாட்டுக்குச் சிரிக்கவும் அழவும் செய்வார்களாம். இவன் ஓரமாக நின்று, கேட்காமல் கொள்ளாமல் எடுத்துவிடுவானாம். அதற்குப் பெயர் கேண்டிட். "அடிபொளி மச்சான், பொண்ணு கேமராவைப் பாக்கவே இல்ல" என்பான். பெண் கேமராவைப் பார்க்காததில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று கர்ணன் நினைத்துக்கொள்வார். மேலுக்கு மட்டும், "நல்லா இருக்கு மாப்ள" என்பார்.

உத்தமபாளையத்தில் மகாலட்சுமியின் சித்தி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. சொந்த வீட்டுக் கல்யாணம் என்பதால் இரண்டு பேரும் எடுத்தார்கள். கர்ணன் பை நிறைய லென்ஸைச் சுமந்துகொண்டு மேடைக்கும் கூடத்துக்கும் ஓடினார். மாற்றிப் பூட்டுவதற்குள் மாமன் மாலை போட்டு முடித்துவிட்டான். சுரேஷ்கண்ணனோ ஒரே லென்ஸோடு வந்திருந்தான். கிட்டப் போனான்; பெண்ணின் மூக்குத்திக் கல்லுக்குள் மேடை விளக்குகள் புள்ளி புள்ளியாக எரிவதை எடுத்தான். பிறகு கடைசி வரிசை நாற்காலிக்குப் போனான். மேடை மூலையில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் அப்பாவை, அவர் அறியாமலே முகம் நிறைய எடுத்துவிட்டான். ஒரே லென்ஸ்! மூக்குத்தியும் அதில்தான், அப்பனும் அதில்தான்.

மறுநாள் மகாலட்சுமியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த இரண்டு படமும் வந்தன. மேலே, "என் தம்பி எடுத்தது." பக்கத்தில் சிவப்பு சிவப்பாக இதயங்கள். கர்ணன் அவள் போனை வாங்கிப் பார்த்தார். தான் வியர்க்க விறுவிறுக்க நிறுத்தி எடுத்த மொத்தக் குடும்பப் படம் வருமென்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். வரவில்லை.

"எம் படத்துலயும் ஒண்ணு போடலாம்ல?"

"உங்க படத்துல என்னங்க இருக்கு? எல்லாரும் ரேசன் கடை வரிசைல நிக்கிற மாதிரி நிக்கிறாக."

அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். கர்ணனுக்குத்தான் வயிறு பற்றிக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து யோசித்துப் பார்த்தார். அவள் அவர் எடுத்த படம் ஒன்றையாவது ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாளா? பல் தேய்க்கிற குழந்தையைத் தம்பி செல்போனில் எடுத்தால்கூட வைத்திருக்கிறாள். ஊரே கூப்பிடுகிற போட்டோக்காரர், வீட்டுக்காரி போனில் இடமில்லாமல் நிற்கிறார். இந்த விஷயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. ஒரு படம், ஒரே ஒரு படம், மகாலட்சுமி தானாக எடுத்து வைக்க வேண்டும். மேலே, "இவுக எடுத்தது" என்று போட வேண்டும்.

அதற்கு வழியும் தானாகவே வந்தது. மகள் ஓவியாவுக்குத் தை மாதம் காதுகுத்து வைத்தார்கள். குச்சனூருக்குப் பக்கத்தில் தோப்புக்குள் இருக்கிற குலசாமி கோவிலில். காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்றால் சுரேஷ்கண்ணன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவனும் கேமரா தூக்க முடியாது! கர்ணன் இதை நினைத்து நினைத்துச் சிரித்தார். அன்றைக்குக் களம் முழுக்க அவருடையது. குறைச்சல், அந்த லென்ஸ் ஒன்றுதான்.

ஒரு மாதம் யூடியூபே கதி என்று கிடந்தார். பிறகு மதுரைக்கு பஸ் ஏறினார்.

கடைக்காரர் பொறுமைசாலி. சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற மேக்ரோ லென்ஸ் மூன்றை எடுத்துக் கண்ணாடிப் பலகை மேல் வரிசையாக வைத்தார். அறுபது, நூறு, நூற்றெண்பது மில்லிமீட்டர்.

"மூணும் மோதிரத்தை ஒரே பெருசாத்தான்ணே எடுக்கும். எங்க நின்னு எடுக்குறோம்கிறதுதான் வித்தியாசம். அறுபதுல எடுத்தா மோதிரத்துல மூக்கு இடிக்கும், நம்ம நெழலே மேல விழும். எட்டத்து வேலைக்கும் ஆகாது. நூறுன்னா ரெண்டுக்கும் வாட்டம். கிட்டப் போனா மோதிரம், எட்டி வந்தா முகம். கை நடுங்குனாக்கூட அதுவே தாங்கிக்கிரும்."

"இது?" கர்ணனின் கை தானாக நூற்றெண்பதின் மேல் போனது. நீளமாக, கனமாக, வயிற்றில் ஒரு பட்டையோடு கிடந்தது.

"அது பட்டாம்பூச்சி எடுக்குறவுகளுக்குண்ணே. கிட்டப் போனா பூச்சி பறந்துரும்ல, எட்ட நின்னு எடுக்கணும். ஒரு கொடைக்கானல்காரர் வச்சிருந்து குடுத்தது. எட்டத்துல இருக்குறத இழுத்துக் காட்டுற டெலி லென்ஸ் மாதிரியும் வேலை செய்யும், இல்லேங்கல. ஆனா நடுக்கம் தாங்காது. ஸ்டாண்டு வேணும். விசேஷ வீட்டுல ஸ்டாண்டைப் போட்டுக்கிட்டு எங்க நிப்பீக?"

கர்ணன் நூறைப் பூட்டி, கடைக்காரரின் விரல் நகத்தை எடுத்துப் பார்த்தார். வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியில் நின்ற பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டரை எடுத்துப் பார்த்தார். இரண்டும் கச்சிதமாக விழுந்தன. கையிலும் சொன்னபடி உட்கார்ந்தது. வாங்கிவிட்டு வந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

"எங்க மச்சினன் எத வாங்குனான்? கம்பம் சுரேஷ்கண்ணன்."

"அவரா? இந்த நூறுதான்."

கர்ணன் அதைக் கழற்றிப் பலகை மேல் வைத்தார். "எனக்கு அந்த நூத்தியெம்பதைக் குடுங்க."

லென்ஸை அளந்து வாங்கப் போனவர் மச்சினனை அளந்து வாங்கிவிட்டார். கடைக்காரர் அதை எடுத்து நீட்டினார். லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சின்ன சுவிட்சை மட்டும் காட்டினார். "இத இப்பிடித் தள்ளுனா எட்டத்துல இருக்குறத மட்டும் பிடிக்கும். வேகமாப் பிடிக்கும். கிட்டத்துல எடுக்கணும்னா மறக்காம இந்தப் பக்கம் தள்ளிரணும். மறந்தீகன்னா முன்னால இருக்குறத விட்டுட்டு பின்னாலதான் போயி நிக்கும்." கர்ணன் தலையாட்டினார். எட்டத்துக்கு ஒரு பக்கம், கிட்டத்துக்கு ஒரு பக்கம். இதில் மறக்க என்ன இருக்கிறது?

"என்னங்க இது, குழாப்புட்டுக் குழல் மாதிரி" என்றாள் மகாலட்சுமி.

"உந் தம்பியோடது நூறு. இது நூத்தியெம்பது."

"கனமா இருக்குமே. கழுத்து வலிக்காது?"

கேட்டது அவ்வளவுதான். கர்ணன் வாழைத் தோட்டத்துக்குப் போய்ப் பழகினார். வாழைப்பூ மடலில் ஊர்கிற எறும்பின் கால் ரோமத்தை எடுத்தார். எட்டிப் போய் நின்று, அதே பூவில் தேன் குடிக்கிற சிட்டை எடுத்தார். எடுத்ததில் முக்கால்வாசி ஆட்டம் கண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆடாத கால்வாசியைப் பார்த்துக்கொண்டு, "வாடா மாப்ள, வா" என்று தனியாகச் சொல்லிக்கொண்டார்.

காதுகுத்து அன்று காலை வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. தோப்பின் அந்தக் கோடியிலிருந்து கொட்டு முழங்க தாய்மாமன் சீர் வந்தது. பட்டுப்பாவாடை, கம்மல், பழத்தட்டு, மாலை போட்ட கிடா. முன்னால் சுரேஷ்கண்ணன், தலையில் உருமாக் கட்டோடு. கர்ணன் சுவிட்சை எட்டத்துப் பக்கம் தள்ளிவிட்டு, கோவில் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு முகமாகப் பறித்தார். தட்டுத் தூக்கி வந்த பெண்களின் மேலுதட்டு வியர்வை வரைக்கும் விழுந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, ஓவியாவைக் கொண்டுவந்து மடியில் உட்கார வைத்தார்கள். சுரேஷ்கண்ணன் அவளை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டான். அவனுடைய பெரியம்மா கருத்தம்மாள் குனிந்து திருநீறு வைத்தாள்.

"மடி நெறஞ்சிருக்குடா சுரேஷு. அடுத்த தைக்கு உம் பிள்ளைய வைக்கணும்டா கர்ணன் மடியில."

கர்ணன் மடி எப்படித் தாய்மாமன் மடியாகும் என்று யாரோ கேட்க, கருத்தம்மாள் நாக்கைக் கடித்துக்கொள்ள, எல்லோரும் சிரித்தார்கள். சுரேஷ்கண்ணனும் சிரித்தான். அவன் மனைவி பொங்கல் பானையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். கல்யாணமாகி ஏழு வருசமாயிற்று அவர்களுக்கு. மதுரையில் பார்க்காத டாக்டர் இல்லை. கர்ணன் காதில் எல்லாம் விழத்தான் செய்தது. ஆனால் அவர் அப்போது மரநிழல் பிள்ளையின் காதில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசாரி பால்பாண்டி தங்க ஊசியை எடுத்ததுதான் தாமதம், மொத்தச் சனமும் மடியைச் சூழ்ந்துவிட்டது. காது குத்துவதைத் தள்ளி நின்று பார்க்கிற வழக்கம் நம்மிடம் கிடையாதே. கிட்ட வந்து, குனிந்து, "பாத்துய்யா, பாத்து" என்று ஆசாரிக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னால்தான் உறவு. நூற்றெண்பதோடு எட்ட நின்ற கர்ணனுக்கு முதுகுகள் தெரிந்தன. துண்டுகள் தெரிந்தன. தூக்கிப் பிடித்த செல்போன்கள் தெரிந்தன. பட்டாம்பூச்சிக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. அதனால் எட்ட நின்று எடுக்கலாம்.

"நகருங்கப்பா! ஏலே, தள்ளுங்கடா!" எவரும் நகரவில்லை.

மடியில் பிள்ளையோடு சுரேஷ்கண்ணன் தலையை எக்கிப் பார்த்தான். "மச்சான், அங்கன நிக்காதீக, உள்ள வாங்க. எம் பக்கத்துல இங்கன வாங்க, வெளிச்சம் நல்லாருக்கு."

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் கர்ணனுக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை காதுகுத்துக்கு வெளிச்சம் நீ காட்டுகிறாயா? இருந்தாலும் வேறு வழியில்லாமல் இரண்டு பேரை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். கேமராவைத் தூக்கவும் ஊசி இறங்கவும் சரியாக இருந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடியது. பிள்ளை வீறிட்டது. "அப்பா! அப்பா!" என்று இரண்டு கையையும் நீட்டியது.

"கைய எறக்குத்தா! கைய எறக்கு, காது மறையுது!" என்று கத்திக்கொண்டே கர்ணன் கேமரா பட்டனை அமுக்கினார். அடுத்த காதுக்கும் அப்படியேதான். பிள்ளை அப்பா என்றது, அவர் கையை இறக்கு என்றார். கடைசியில் மகாலட்சுமி வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் ஸ்டுடியோவில் படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கினார். சீர் வந்த படங்கள் அருமை. காது குத்துகிற படம் வந்தது. ஊசி கலங்கல். காது கலங்கல். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் கலங்கல். லென்ஸை எடுத்துப் பார்த்தார். சுவிட்ச் எட்டத்துப் பக்கமே நின்றது. கர்ணன் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருசத் தொழிலில் ஒரு சித்தப்பாவை விட்டதில்லை. சொந்த மகள் காதை விட்டுவிட்டார்.

பின்னால் போய் நிற்கும் என்றாரே கடைக்காரர், எங்கே போய் நின்றிருக்கிறது? ஒரு படத்தைப் பெரிதாக்கினார். சுரேஷ்கண்ணனின் முகத்தில் போய் நின்றிருந்தது. இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், அத்தனை தெளிவு. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தை எடுத்ததில்லை. முன்னால் பிள்ளை அழுகையோடு கலங்கலாக, இரண்டு கையையும் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதை வளைத்துப் பிடித்திருக்கிற மாமன் பிள்ளையைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்க்கவில்லை. நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேமராவையா? கர்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கேமராவை இல்லை. பிள்ளை யாரை அப்பா என்று கூப்பிட்டதோ, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வை கர்ணனுக்கு அத்துப்படி. உத்தமபாளையம் கல்யாண வீட்டில், ஒரே லென்ஸோடு நின்ற மச்சினனை அவர் அப்படித்தான் பார்த்தார். உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதன் அருமை உனக்குத் தெரியவும் இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடேய் மாப்ள, உனக்கும் என்மேல் எரிச்சலா என்று ஒரு குதிப்புக் குதித்தது மனசு. அடுத்த நிமிசமே அது செத்துவிட்டது. கூப்பிட்ட பிள்ளையைத் தூக்காமல், கையை இறக்கு என்று கத்தியது அவர். தனக்கென்று ஒன்று இல்லாமல், அக்கா பிள்ளையைக் கைநிறைய வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகாலட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு படியேறி வந்தாள். பக்கத்தில் ஓவியா, காது சிவந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு.

"ஏங்க! இது நீங்களா எடுத்தீக?" தூக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "எந் தம்பி மொகத்தப் பாருங்களேன். எம்புட்டுப் பாசம் அந்தக் கண்ணுல! இப்பிடி ஒரு படம் நீங்க எடுத்ததே இல்லீங்க. எனக்கு அனுப்புங்க."

அனுப்பினார். கண் முன்னாலேயே ஸ்டேட்டஸில் வைத்தாள். எழுத்தெழுத்தாகத் தட்டினாள்: இவுக எடுத்தது. இதயங்கள் இரண்டு வரிசை. தூக்கைத் திறந்து சோறு போடுவதற்குள் கொத்துக் கொத்தாகப் பதில்கள் வந்தன. அண்ணன் கலக்கிட்டாக. கண்ணுல தண்ணி வருதுக்கா. கர்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம், கோவிலுக்கு வாடகைக்கு எடுத்திருந்த அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுரேஷ்கண்ணன் வந்தான். அக்காவும் மகளும் இன்னும் ஸ்டுடியோவில்தான் இருந்தார்கள். வந்தவன் உட்காரவில்லை. போனில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. திரைக்கு முன்னால் போய் நின்றான். தொழில்காரன், ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தான்; தன் கண்ணையே பார்த்தான்.

"ஃபோகஸ் காதுல விழல, மச்சான்" என்றான்.

அதுதான்டா படமே என்று கர்ணன் சொல்லியிருக்கலாம். தவறி விழுந்தாலும் விழுந்தது எங்கே என்று பார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. சுரேஷ்கண்ணன் திரையை விட்டுத் திரும்பவே இல்லை.

"ஆமா மாப்ள" என்றார் கர்ணன். "சுவிட்ச மாத்த மறந்துட்டேன். வீணாப்போன படம்." பிறகு மனைவியிடம், "மகா, அத எடுத்துரு."

"எதுக்கு? எல்லாரும் நல்லாருக்குன்னுதான சொல்றாக."

"அவுகளுக்கு என்ன தெரியும்? காதுகுத்துப் படத்துல காதே கலங்கிக் கெடக்கு. தொழில் தெரிஞ்சவன் பாத்தா சிரிப்பான். எடுத்துரு."

மகாலட்சுமி தம்பியைப் பார்த்தாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் கடைசித் தீர்ப்பு அவனுடையதுதான். அவன், "ஆமாக்கா, எடுத்துரு" என்றான். அவள் முகம் சுண்டிப்போய் போனைத் தட்டினாள். படம் போய்விட்டது.

"அதான பாத்தேன்" என்றாள். "இவுகள நம்பிப் பிள்ள காது போச்சு. நீ மட்டும் கேமராவ வச்சிருந்தன்னா தெளிவா விழுந்திருக்கும்டா."

சுரேஷ்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கர்ணனுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார்.